உழைக்கும் குடும்பங்கள் ஏன் விலகிப் போயின? மார்சி காப்டர் சொல்வது

கேள்வி இது: "அமெரிக்காவில் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் ஒரு காலத்தில் ஜனநாயகக் கட்சியின் தூணாக இருந்தார்கள். இப்போது அவர்களில் பெரும் பகுதி டிரம்ப் பக்கம் போய்விட்டது. மார்சி காப்டர் என்ற மூத்த பெண் உறுப்பினர் இதற்குத் தன் சொந்தக் கட்சியையே குறை சொல்கிறாராம். அவர் யார், என்ன சொல்கிறார், அது சரியா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்டர் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரத்துக்காரர். 1983 ஜனவரியிலிருந்து இடைவெளி இல்லாமல் பிரதிநிதிகள் சபையில் இருக்கிறார். அமெரிக்க நாடாளுமன்ற வரலாற்றிலேயே மிக நீண்ட காலம் பணியாற்றிய பெண் இவர்தான். இவர் பார்வையின் மையம் ஒன்றே ஒன்று: டொலிடோ போன்ற ஊர்களில் வேலையையும் வீட்டையும் பறித்த பெரிய முடிவுகளில் ஜனநாயகக் கட்சியின் கையெழுத்தும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை மறக்கவில்லை, கட்சித் தலைமை மறந்துவிட்டது. இதில் பெரும்பகுதி சரி என்றே நான் நினைக்கிறேன். எங்கே இடிக்கிறது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

2023-ல் அவர் ஒரு அட்டவணையை எடுத்துக்கொண்டு சக உறுப்பினர்களிடமும் பத்திரிகையாளர்களிடமும் காட்டினார். நாட்டின் 435 தொகுதிகளையும் குடும்ப வருமானத்தின்படி வரிசைப்படுத்திய அட்டவணை. எந்தத் தொகுதி எந்தக் கட்சியின் கையில் இருக்கிறது என்பது நீலத்திலும் சிவப்பிலும் தெரியும். நீலம் ஜனநாயகக் கட்சி, சிவப்பு குடியரசுக் கட்சி. வரிசையின் உச்சியில் இருந்த மிகப் பணக்காரத் தொகுதிகள் பத்தில் ஒன்பது நீலமாக இருந்தன. நாட்டின் நடுவருமானத்துக்குக் கீழே இருந்த தொகுதிகளில் 64 சதவீதம் சிவப்பு. கஷ்டப்படுகிற மக்களில் பெரும்பாலானவர்களைக் குடியரசுக் கட்சி பிரதிநிதித்துவம் செய்யும் நிலை எப்படி வந்தது என்று அவர் கேட்டார். ஏழைகளின் கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு கட்சிக்குள் நின்றுகொண்டு இதைக் கேட்க நெஞ்சுரம் வேண்டும்.

அந்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் உண்மை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதித் தொகுதி நாட்டிலேயே மிக ஏழையான தொகுதிகளில் ஒன்று, அது ஆழமான நீலம். கலிஃபோர்னியாவில் வாங்குகிற ஒரு டாலரும் ஓஹையோவில் வாங்குகிற ஒரு டாலரும் ஒரே அளவு பொருள் வாங்குவதில்லை. பணக்காரத் தொகுதிக்குள்ளும் வாடகை கட்ட முடியாமல் தவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் போக்கு எந்தத் திசையில் போகிறது என்பதை அந்த அட்டவணை பொய் இல்லாமல் காட்டுகிறது. 1982-ல் காப்டர் முதன்முறை ஜெயித்தபோது இதே அட்டவணையைப் போட்டிருந்தால் நிறங்கள் கிட்டத்தட்டத் தலைகீழாக இருந்திருக்கும்.

அவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்தால்தான் அவர் பேச்சின் சூடு புரியும். டொலிடோவைக் கண்ணாடி நகரம் என்பார்கள். ஓவன்ஸ், லிபி என்ற பெயர்களில் புகழ்பெற்ற கண்ணாடி நிறுவனங்கள் அங்கே வளர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகள் அங்கிருந்த வில்லிஸ் தொழிற்சாலையில் உருவானவை. இன்றைக்கும் ஜீப் ராங்ளர் அங்கேதான் தயாராகிறது. 1934-ல் ஆட்டோ-லைட் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் மாநிலப் படை இறக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம் வேரூன்றிய இடங்களில் அதுவும் ஒன்று. காப்டர் 1946-ல் அந்த ஊரில் போலந்து வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். அம்மா சாம்பியன் ஸ்பார்க் பிளக் தொழிற்சாலையில் சங்கம் அமைத்த முதல் குழுவில் இருந்தவர். குடும்பம் ஒரு சின்ன மளிகைக் கடை நடத்தியது. வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர்தான்.

பதின்மூன்று வயதிலேயே கட்சிக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டார். படித்தது நகரத் திட்டமிடல். உள்ளூர்த் திட்டக் குழுவில் வேலை பார்த்தார், பிறகு கார்ட்டர் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையில் நகர விவகார ஆலோசகர். 1982-ல் வேலையின்மை நாடு முழுக்க பத்து சதவீதத்தைத் தாண்டிய நேரம். அப்போது பதவியில் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினரிடம் இவரைவிடப் பல மடங்கு பணம் இருந்தது. இவர் 58 சதவீத ஓட்டுகளோடு ஜெயித்தார். பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் என்பதால் 2024 வரை மொத்தம் 22 தடவை மக்களிடம் போய் நின்றிருக்கிறார்.

சரி, அவர் சொல்லும் அந்தப் பெரிய முடிவுகள் எவை?

முதலாவது நாஃப்டா. அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றும் தங்களுக்குள் சுங்க வரிகளைப் படிப்படியாக நீக்கிக்கொண்ட ஒப்பந்தம். பேச்சுவார்த்தை நடத்தியது மூத்த புஷ் ஆட்சி. அதைச் சபையில் நிறைவேற்றிக் காட்டியது ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன். 1993 நவம்பர் 17 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 234, எதிர்ப்பு 200. அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: ஜனநாயகக் கட்சியினரில் 102 பேர் மட்டுமே ஆதரித்தார்கள், 156 பேர் எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியின் 132 ஓட்டுகள்தான் அதைக் கரையேற்றின. அதாவது தன் கட்சியின் பெரும்பான்மை எதிர்த்த ஒன்றை, எதிர்க்கட்சியின் துணையோடு அதிபரே நிறைவேற்றினார். எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர்களில் காப்டர் ஒருவர்.

அவருடைய வாதம் வெறும் "எங்கள் வேலை போகிறது" என்பதோடு நிற்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சங்கம் வைக்க முடியாத, கூலி மிகக் குறைந்த, சுற்றுச்சூழல் விதிகள் காகிதத்தோடு நிற்கும் ஒரு சந்தையோடு நம் சந்தையை இணைத்தால், முதலாளிக்குப் பேரம் பேசும் பலம் கூடும், தொழிலாளிக்குக் குறையும் என்றார். இது இரண்டு பக்கத் தொழிலாளிக்கும் பொருந்தும். அமெரிக்காவின் மானியம் பெற்ற மலிவான சோளம் உள்ளே வந்ததும் மெக்ஸிகோவின் சின்ன விவசாயி நிலத்தை விட்டு வெளியேறும்படி ஆனது என்பதையும் அவர் தொடர்ந்து பேசியிருக்கிறார். அந்த விவசாயியின் மகன் வேலை தேடி வடக்கே வந்தால் அவன்மேல் கோபப்படுகிற அரசியல், அவனை ஊரை விட்டு விரட்டியது எது என்று கேட்பதில்லை.

வேலை போனதைப் பற்றிப் பேசும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு வாகனத் தொழிற்சாலை ஊரில் முக்கியமானது கார் செய்யும் பெரிய ஆலை மட்டும் கிடையாது. அதற்கு வயரிங், சீட், பிளக், பிரேக் என்று செய்து கொடுக்கும் நூறு சின்ன ஆலைகள் சுற்றிலும் இருக்கும். பெரிய ஆலையை நகர்த்துவது கஷ்டம், சின்ன ஆலையை நகர்த்துவது எளிது. நாஃப்டா வந்தபிறகு முதலில் கிளம்பியவை இந்தச் சின்ன ஆலைகள்தான். ஐம்பது பேர், எண்பது பேர் வேலை பார்த்த ஒரு ஆலை மூடினால் தேசியச் செய்தியில் வராது. ஆனால் அதே தெருவில் இருக்கும் மதியச் சாப்பாட்டுக் கடை, அந்த ஊர்ப் பள்ளிக்கு வரும் சொத்து வரி, எல்லாம் அதோடு சேர்ந்து இறங்கும். மூடாத ஆலையில் கூட நிர்வாகம் சம்பளப் பேச்சுவார்த்தையில் "நாங்களும் மெக்ஸிகோவுக்குப் போய்விடுவோம்" என்று சொன்னால் போதும், சங்கம் பின்வாங்கும். இந்த மிரட்டலின் விலை எந்த வேலையிழப்புக் கணக்கிலும் வராது. நாஃப்டா பற்றிய விவாதத்தில் காப்டர் தரப்புக்கு இருக்கும் வலுவான வாதம் இதுதான் என்பது என் எண்ணம்.

பிற்காலத்தில் வந்த ஆய்வுகளும் ஓரளவு அவர் பக்கமே நிற்கின்றன. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் நாஃப்டாவின் விளைவு சிறியது என்பதில் பெரும்பாலான பொருளாதார அறிஞர்கள் உடன்படுகிறார்கள். ஆனால் மெக்ஸிகோவோடு நேரடியாகப் போட்டியிட்ட தொழில்களில் இருந்தவர்களுக்கு, குறிப்பாகக் கல்லூரி போகாதவர்களுக்கு, சம்பள வளர்ச்சி கடுமையாக அடிபட்டது. சராசரியில் கரைந்துபோகிற ஒரு காயம் குறிப்பிட்ட ஊர்களில் மிக ஆழமாக இருந்தது. அப்புறம் 2000-ல் சீனாவுக்கு நிரந்தர வர்த்தக உரிமை கொடுத்தார்கள், காப்டர் அதையும் எதிர்த்தார். 2000-ல் ஒரு கோடியே 73 லட்சமாக இருந்த அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகள் 2010-ல் ஒரு கோடியே 15 லட்சமாக இறங்கின. இயந்திரமயமாக்கலுக்கும் 2008 மந்தநிலைக்கும் இதில் பங்கு உண்டு. டொலிடோவின் மக்கள்தொகை 1970-ல் 3 லட்சத்து 83 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது, 2020-ல் 2 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் கீழே.

இங்கேதான் 2016 வருகிறது. டிரம்ப் ஓஹையோவில் மேடைக்கு மேடை நாஃப்டாவைத் திட்டினார். காப்டர் 23 வருஷமாகச் சொல்லிவந்ததை, அவர் கட்சித் தலைமை காது கொடுக்காத ஒன்றை, எதிர்க்கட்சி வேட்பாளர் உரக்கச் சொன்னார். ஓட்டுச் சீட்டின் மறுபக்கத்தில் இருந்த பெயர் கிளின்டன்: நாஃப்டாவை நிறைவேற்றிய பில் கிளின்டனின் மனைவி ஹிலாரி. 2008-லும் 2012-லும் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்த அதே ஓஹையோவில் டிரம்ப் எட்டு சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். டிரம்பை ஜெயிக்க வைத்தது வெள்ளையர்களின் இன உணர்வு மட்டுமே என்று சொல்பவர்கள், ஒபாமாவுக்கு இரண்டு தடவை ஓட்டுப் போட்ட ஊர்கள் ஏன் திரும்பின என்பதை விளக்க வேண்டும். இன உணர்வு அங்கே இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அது ஏற்கெனவே இருந்தது, கட்சியோடு ஒட்டவைத்திருந்த பசை காய்ந்துபோனதும் அது மேலே வந்தது.

இரண்டாவது முடிவு 2008. வீட்டுக் கடன் சந்தை உடைந்து வங்கிகள் ஆடியபோது, 70 ஆயிரம் கோடி டாலர் மீட்பு நிதிக்கான சட்டம் வந்தது. செப்டம்பர் 29 அன்று சபை அதை நிராகரித்தது, பங்குச் சந்தை அன்றைக்கே 777 புள்ளிகள் சரிந்தது. நான்கு நாள் கழித்து திருத்தங்களோடு 263-க்கு 171 என்று நிறைவேறியது. கேட்டது குடியரசுக் கட்சியின் இளைய புஷ் ஆட்சி, ஆனால் ஆதரித்த 263 ஓட்டுகளில் 172 ஜனநாயகக் கட்சியினுடையவை. காப்டர் எதிர்த்தார். வங்கிக்குப் பணம் கொடுக்கும்போது வீட்டுக்காரருக்கு என்ன பாதுகாப்பு என்பதே அவர் கேள்வி.

2009 ஜனவரியில் சபையில் நின்று அவர் ஒரு பேச்சுப் பேசினார். வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்தால் காலி செய்யாதீர்கள், உங்கள் வீட்டிலேயே குந்தியிருங்கள், ஒரு வக்கீலைப் பாருங்கள் என்று மக்களைப் பார்த்து நேரடியாகச் சொன்னார். சட்டம் இயற்றுகிற இடத்தில் நின்று இப்படிச் சொன்னது பலருக்கு அதிர்ச்சி. ஆனால் அதற்குப் பின்னால் உறுதியான சட்டக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு வங்கி கொடுத்த வீட்டுக் கடன் அந்த வங்கியிடமே இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான கடன்களோடு கட்டுக் கட்டாகச் சேர்த்து விற்கப்பட்டு, கைமாறி, மறுபடி கைமாறிப் போனது. கடைசியில் வீட்டை ஜப்தி செய்ய வருகிற நிறுவனத்திடம் அசல் கடன் பத்திரம் இருக்கிறதா என்பதே சந்தேகம். "பத்திரத்தைக் காட்டு" என்று நீதிமன்றத்தில் கேட்டால் பல வழக்குகளில் அவர்களால் காட்ட முடியவில்லை. சில வருஷங்களில், படிக்காமலேயே ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு ஜப்தி ஆவணங்கள் தயாரித்த முறைகேடு வெளியே வந்தது. காப்டர் முன்கூட்டியே சரியான இடத்தில் விரல் வைத்திருந்தார்.

வங்கித் தொழிலையும் சூதாட்டம் போன்ற முதலீட்டுத் தொழிலையும் பிரித்துவைத்த 1933-ஆம் வருஷத்துச் சட்டத்தின் அந்தப் பகுதி 1999-ல் நீக்கப்பட்டது. அந்த நீக்கத்தில் கையெழுத்துப் போட்டதும் கிளின்டன்தான். அந்தச் சுவரை மறுபடி எழுப்ப காப்டர் பல தடவை மசோதா கொண்டுவந்தார், குடியரசுக் கட்சியின் வால்டர் ஜோன்ஸும் அதில் சேர்ந்துகொண்டார். நிறைவேறவில்லை.

அவரை வெறும் எதிர்ப்பாளராக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அவர் வேலை செய்யும் விதத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். 1987-ல் டொலிடோ பக்கத்தில் ஒரு மீன் விருந்தில், ரோஜர் டர்பின் என்ற தபால்காரர், இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டவர், இவரிடம் வந்து வாஷிங்டனில் அந்தப் போருக்கு ஒரு நினைவுச் சின்னம் ஏன் இல்லை என்று கேட்டார். ஐவோ ஜிமா சிலை இருக்கிறதே என்றார் காப்டர். அது மரைன் படைக்கானது, மற்ற எல்லோருக்கும் எங்கே என்றார் டர்பின். அந்த வருஷமே காப்டர் மசோதா கொண்டுவந்தார். சட்டமாக 1993 வரை ஆனது. சின்னம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2004 மே 29 அன்று. டர்பின் 2000-லேயே இறந்துவிட்டார். ஒரு தபால்காரர் கேட்ட கேள்விக்காக 17 வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், மரியாதை என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது அதை நான் தீவிரமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மரியாதை என்பதுதான் அவர் அடிக்கடி சொல்லும் சொல். கடற்கரை மாநிலங்களிலிருந்து வருகிற தன் சகாக்களுக்கு டொலிடோ போன்ற ஊரின் குடும்பம் புரிவதில்லை என்பது அவர் ஆதங்கம். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் என்று இருப்பது சில உறவுகள், ஒரு சின்ன ஊர், எளிய ஒரு வீடு. வேலை போனால் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாமே என்று சுலபமாகச் சொல்பவர்களுக்கு, கிளம்பும்போது அம்மாவையும் தேவாலயத்தையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டையும் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது தெரிவதில்லை. கட்சியின் தலைமை நெடுங்காலமாக சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், மேரிலாந்து என்று இரண்டு கரைகளிலேயே இருந்தது. நடுப்பகுதியின் குரல் மேசைக்கு வரவில்லை.

பணமும் இதில் சேர்கிறது. இரண்டு கட்சிகளிலும் தலைமைப் பொறுப்புகளுக்கும் முக்கியக் குழுக்களுக்கும் வருகிறவர்கள் கட்சிக்குப் பெரிய தொகை திரட்டிக் கொடுக்க வேண்டும் என்ற பழக்கம் உண்டு. டொலிடோவில் ஒரு வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கிறவர் இருபது டாலர் கொடுப்பார். பணக்காரத் தொகுதியில் ஒரே இரவு விருந்தில் லட்சங்கள் சேரும். அப்படியானால் யார் மேலே வருவார்கள்? தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும்படி அரசியலமைப்பைத் திருத்தவே அவர் தீர்மானங்கள் கொண்டுவந்திருக்கிறார். 2002-ல் நான்சி பெலோசிக்கு எதிராகச் சபையில் கட்சித் தலைவர் பதவிக்குச் சில நாள் போட்டியிட்டார், ஜெயிப்பதற்காக அல்ல, இந்தக் குறையைச் சொல்வதற்காக. நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் கட்சியின் மூத்த உறுப்பினராக இருந்தும் 2012-ல் அந்தக் குழுவின் முதலிடம் நியூயார்க்கின் நீட்டா லோவிக்குப் போனது, 2020-ல் கனெக்டிகட்டின் ரோசா டெலாரோவுக்குப் போனது. இருவரும் திறமையானவர்கள்தான். ஆனால் ஆலை மூடிய ஊர்களின் குரல் இரண்டு தடவை வாசலோடு நின்றது என்பதும் நடந்ததுதான்.

இவ்வளவு சொல்லியும் அவர் கட்சியை விடவில்லை. 1996-ல், இரண்டு கட்சிகளுக்கும் வெளியே அதிபர் தேர்தலில் நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோ தன்னோடு துணை அதிபர் வேட்பாளராக நிற்கும்படி கேட்டார். நாஃப்டா எதிர்ப்பில் இருவரும் ஒரே பக்கம். காப்டர் மறுத்துவிட்டார்.

இப்போது நான் உடன்படாத இடம். வேலையையும் சம்பளத்தையும் காப்பாற்றினால் ஓட்டுத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அவர் பேச்சின் அடியில் ஓடுகிறது. நடந்தவை அப்படிச் சொல்லவில்லை. லாரி ஓட்டுநர்கள் அதிகம் உள்ள டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் பெரிய ஓய்வூதிய நிதி திவாலாகும் நிலைக்கு வந்தது. 2014-ல் வந்த ஒரு சட்டம் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் பணத்தையே வெட்ட வழி திறந்தது. அதைத் தடுக்க 2015-ல் காப்டரும் செனட்டர் பெர்னி சாண்டர்ஸும் சேர்ந்து மசோதா கொண்டுவந்தார்கள். கடைசியில் 2021-ல் பைடன் ஆட்சியின் நிவாரணச் சட்டத்தில் மீட்பு வந்தது, குடியரசுக் கட்சியின் ஒரு ஓட்டுக்கூட இல்லாமல். 2022 டிசம்பரில் அந்த நிதிக்கு 3,600 கோடி டாலர் கிடைத்தது, மூன்றரை லட்சம் பேரின் ஓய்வூதியம் முழுதாகத் தப்பியது. 2024-ல் டீம்ஸ்டர்ஸ் தேசியத் தலைமை யாருக்கும் ஆதரவு தரவில்லை. அவர்கள் எடுத்த உள்கருத்துக் கணிப்புகளில் உறுப்பினர்களில் பெரும்பாலோர் டிரம்ப் பக்கம் இருந்தார்கள்.

மறுபக்கத்திலும் இதே கதை. 2017-ல் டிரம்ப் ஓஹையோவின் யங்ஸ்டவுனுக்கு வந்து, வேலைகள் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் பக்கத்திலிருந்த லார்ட்ஸ்டவுன் கார் ஆலை மூடியது. அந்த வட்டாரம் 2020-லும் டிரம்புக்கே ஓட்டுப் போட்டது. ஒரு நன்மைக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கு முப்பது வருஷம் உடைந்துபோன நம்பிக்கைக்கு வேலை செய்யாது. துப்பாக்கி, கருக்கலைப்பு, குடியேற்றம் என்று மனிதர்கள் ஓட்டுப் போட வேறு காரணங்களும் வைத்திருக்கிறார்கள். தொழிலாளியை வருமானத்தால் மட்டும் அளந்தால், அதுவும் அவரை முழு மனிதராக மதிக்காத ஒரு விதம்தான். சங்கமும் பழைய சங்கம் இல்லை. 1983-ல் தொழிலாளர்களில் 20 சதவீதம் பேர் சங்கத்தில் இருந்தார்கள், 2024-ல் 10 சதவீதத்துக்கும் கீழே. வேலை முடிந்து சங்க மண்டபத்தில் உட்கார்ந்து அரசியல் பேசிய இடத்தில் இன்று தொலைக்காட்சியும் கைப்பேசியும் இருக்கின்றன. அந்த இடத்தை எப்படி மறுபடி கட்டுவது என்பதற்குக் காப்டரிடமும் தெளிவான விடை கிடையாது.

ஆனாலும் அவர் தனிப்பட்ட முறையில் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். 2012 தேர்தலுக்காக ஓஹையோவில் தொகுதி எல்லைகளைக் குடியரசுக் கட்சி திருத்தியபோது, ஈரி ஏரிக் கரையோரம் டொலிடோவிலிருந்து கிளீவ்லாண்ட் வரை பாம்புபோல நீளும் தொகுதி ஒன்றை உருவாக்கி, இவரையும் சக கட்சிக்காரர் டென்னிஸ் குசினிச்சையும் மோதவிட்டார்கள். இவர் ஜெயித்தார். அதன்பின் பத்து வருஷம் அந்தத் தொகுதி இவருக்குப் பாதுகாப்பாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. உண்மையான சோதனை 2022-ல் வந்தது. புதிய எல்லைகள் தொகுதியைச் சிவப்புப் பக்கம் சாய்த்தன. அவருடைய விளம்பரம் ஒன்று, மார்சி காப்டர் பைடனுக்காக வேலை செய்யவில்லை, உங்களுக்காக வேலை செய்கிறார் என்றது. எதிர் வேட்பாளர் பலவீனமானவர், அவருடைய ராணுவ சேவை பற்றிய கூற்றுகளே கேள்விக்கு உள்ளாயின. காப்டர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

2024 வேறு மாதிரி. டிரம்ப் அந்தத் தொகுதியில் சுமார் ஏழு சதவீத வித்தியாசத்தில் முன்னால் இருந்தார். அதே ஓட்டுச் சீட்டில், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் டெரெக் மெரினை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் காப்டர் தோற்கடித்தார். அதே மாநிலத்தில், அதே வர்த்தகக் கொள்கையைப் பேசிய செனட்டர் ஷெரட் பிரவுன் தோற்றார். டிரம்புக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, சீட்டில் கீழே இறங்கி காப்டருக்கும் ஓட்டுப் போட்ட பல ஆயிரம் பேர் அங்கே இருக்கிறார்கள். கட்சி உண்மையிலேயே இந்தப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள நினைத்தால், கருத்துக் கணிப்பு நிறுவனங்களைத் தேடிப் போவதற்கு முன் அந்த மனிதர்களின் சமையலறை மேசையில் போய் உட்கார வேண்டும்.

கட்சி அவர் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருக்கிறதா என்றால், சொற்களில் ஆம். பைடன் காலத்தில் உள்நாட்டு உற்பத்திக்குப் பெரும் பணம் ஒதுக்கினார்கள், வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றிய பழைய உற்சாகம் இப்போது யாரிடமும் இல்லை. ஆனால் மத்தியக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. இடையில் இரண்டு தடவை வெள்ளை மாளிகையும் இரண்டு சபைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன.

2025 அக்டோபர் 31 அன்று ஓஹையோவின் தொகுதி எல்லைக் குழு மறுபடி ஒரு வரைபடத்தை ஏற்றுக்கொண்டது. காப்டரின் ஒன்பதாவது தொகுதி முன்பைவிட இன்னும் சிவப்பாக ஆகிவிட்டது. அவருக்கு அப்போது வயது 79. அந்தப் புதிய எல்லைக்குள்ளும் நிற்கப்போவதாக அறிவித்துவிட்டார்.